தோன்றா எழுவாய்

ரிச்லாண்டைத் தாண்டி வடக்கே போனால்
பேருக்கு ஒரு மரம் கிடையாது.
சாம்பல் மண், சேஜ் புதர்,
இரண்டு கைகளையும் நாலு நாலு கிலோமீட்டருக்கு நீட்டிப்
படுத்திருக்கும் குழாய்.
உள்ளே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைக் கசியவிடாமல் காப்பதற்குத்தான்
எங்கள் இத்தனை பேருக்கும் சம்பளம்.

எனக்கு இரவு ஷிப்ட்.
நாற்பது கிலோ கண்ணாடி
மயிரிழை போன்ற நாலு இழைகளில் தொங்குகிறது.
அசைந்தால் எழுத வேண்டும்.
எதனால் என்றும் எழுத வேண்டும்.

1:10. நெடுஞ்சாலையில் லாரி. வெங்காய லோடாக இருக்கும்.
2:25. காற்று.
2:40. அதே காற்று.
3:05. பசிபிக். மலைகளுக்கு அந்தப் பக்கம்
கரையை அறைந்துகொண்டிருக்கிறது.

ஒரு ஜூலை விடியலில், டக். டக் டக்.
ஓடிப்போய்ப் பார்த்தால்
நைட்ரஜன் குழாயில் படிந்த பனியைக்
கொத்திக்கொண்டிருந்தது ஓர் அண்டங்காக்கை.
பாலைவனம், தாகம், என்ன சொல்ல.
பேரில் அண்டத்தை வைத்திருக்கும் பறவை
அண்டத்துச் சேதிபோல
திரையில் இரண்டு நிமிடம் வந்துவிட்டுப் போனது.

கருந்துளைகள் மோதிக்கொண்டால் சுலபம்.
ஒரு சீழ்க்கை, சட்டென்று ஏறி, முடிந்துவிடும்.
நான் தேடுவது முடியாத ஒன்றை.
இருட்பொருள் அத்தனை லேசானதென்றால்,
அலையாக எங்கும் நிறைந்திருக்கிறதென்றால்,
இங்கே தொங்கும் கண்ணாடியையும்
மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி
லூசியானா பைன் காட்டில் தொங்குவதையும்
ஒரே சுருதியில் மாதக்கணக்கில் ஆட்டுமாம்.
பாடகர் வராத மேடையில்
தம்புரா மட்டும்.

அறுபது ஹெர்ட்ஸில் ஒன்று கிடைத்தது.
கரண்ட்.
இன்னொன்று கிடைத்து, மூன்று வாரம் தூக்கம் போய்,
கடைசியில் ஒரு மின்விசிறி.

பதினான்கு மாதம் கழித்து நாங்கள் எழுதிய வரி:
இதைவிடப் பலமாக இருந்திருந்தால் கேட்டிருக்கும்.

"இதற்கா காசு கொடுக்கிறார்கள்?" என்றான் எஃப்ராயின்.
காற்றில் உருண்டு வந்து குழாயோரம்
ஆளுயரம் குவியும் முள்பந்துகளை
எந்திரத்தில் கொடுத்துக் கட்டுக்கட்டாக்குபவன்.
சட்டையெல்லாம் முள்.
நான் கணக்கில் சொல்லிப் பார்த்தேன்.
அப்புறம் இலக்கணத்தில் சொன்னேன்:
எங்கள் பேச்சில், வந்தாள் என்றால் போதும்.
யார் என்று வாக்கியத்தில் இருக்காது,
வினையின் வாலில் இருக்கும்.
விண்மீன் கூட்டங்கள் சுற்றும் வேகம் வினை.
வால் தெரிகிறது.
ஆளைத்தான் காணோம்.

அவன் காபியைக் கீழே வைத்தான்.
"எங்கள் ஸ்பானிஷிலும் அப்படித்தான்.
இங்கிலீஷுக்குத்தான் ஆளைக் காட்டாமல்
ஓர் அடி நகர முடியாது."

அன்று காபி அறை டிவியில்
நிலவைச் சுற்றிவிட்டு நாலு பேர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.
காற்று மண்டலத்துக்குள் நுழைந்த கலம்
தீயைப் போர்த்திக்கொண்டது.
பேச்சு அறுந்தது.
ஆறு நிமிடம் என்றார்கள்.
திரையில் வெறும் வானம்.
அறிவிப்பாளருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.
முள் பிடுங்கிய விரலோடு எஃப்ராயின்
அப்படியே நின்றான்.

"வருகிறார்கள்" என்றேன், தமிழில், யாரிடமும் இல்லாமல்.
ஒரு முகம் தெரியவில்லை, ஒரு குரல் இல்லை.
அந்த 'ஆர்கள்' மட்டும்
நாலு பேரையும் பிடித்துக்கொண்டிருந்தது.

பாராசூட் விரிந்ததும் அவன் போட்ட கூச்சல்
நிச்சயம் பதிவாகியிருக்கும்.
கலம் தண்ணீர் தொட்ட விநாடியைக் குறித்துக்கொண்டு
ஓடிப்போய் நிலநடுக்க வரைபடத்தைப் பார்த்தேன்,
ஒரு சின்னத் துள்ளலாவது.
பசிபிக் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை.
எப்போதும்போல் கரையை அறைந்துகொண்டிருந்தது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.
லாரி இல்லை. காற்று நின்றிருந்தது.
காக்கை எழ நேரமிருந்தது.

4:47. அசைந்தது.